சொன்னதைச் சொன்னபடி: பிரித்தானியாவில் இன வெறுப்பைத் தூண்டுவோர் மீது முறைப்பாடு செய்யும் வழி

வார இறுதிகளில் லண்டனில் ஒரு சமூக உதவி மேசையில் இருக்கிறேன். கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது, தேவைப்பட்டால் பொலிஸ் நிலையத்துக்குக் கூடப் போவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா மகளோடு வந்தார். சந்தைத் தெருவில் ஒருவன் ஒலிபெருக்கி பிடித்து, நின்ற கூட்டத்துக்கு எங்களைப் போன்றவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறான். அம்மா முழுவதையும் கேட்டிருக்கிறார். அவர் அஞ்சல் அலுவலகத்தில் 20 வருடம் வேலை செய்தவர், ஆங்கிலம் நன்றாகவே விளங்கும்.

அதிகாரி கேட்டார்: அவன் என்ன சொன்னான்?

"கூடாத கதை எல்லாம் கதைச்சவன் தம்பி."

சரி, என்ன சொல்? மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். "அதை என்ர வாயால சொல்ல மாட்டன்." கடைசியில் வாக்குமூலத்தில் "இனவாதமாகப் பேசினார்" என்ற ஒரு வரிதான் ஏறியது. சில வாரம் கழித்து, சான்று போதாது என்று கடிதம் வந்தது.

அந்த அம்மாவில் ஒரு பிழையும் இல்லை. கெட்ட சொல்லை வாயில் எடுக்காதே என்று வளர்த்துத்தானே எங்களை ஆளாக்கினார்கள். ஆனால் இந்தச் சட்டம் முழுக்க முழுக்கச் சொல்லின் மேல் நிற்கிறது. எந்தச் சொல், யாரைப் பற்றி, யார் கேட்க, எந்தச் சூழ்நிலையில். சொல் இல்லையென்றால் வழக்கு இல்லை. இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், ஆலயத்திலோ சங்கத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ இப்படியான முறைப்பாடுகளை முதன்முதலாகக் கையாளப் போகிற தொண்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறையே இதில் வருகிறது. ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டம் எதைத் தடுக்கிறது

நாம் பேசப்போவது 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் மூன்றாம் பகுதி. இன வெறுப்பைத் தூண்டுவது 1965இலேயே குற்றமாக்கப்பட்டது. அப்போது தூண்டும் நோக்கம் இருந்ததை நிரூபித்தே ஆகவேண்டும். இன்றைய சட்டத்தில் இரண்டு வழி உண்டு. தூண்டும் நோக்கம் இருந்தது என்று காட்டலாம், அல்லது எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்கும்போது வெறுப்பு கிளம்பக்கூடும் என்று காட்டலாம். உச்சத் தண்டனை முதலில் 2 வருடச் சிறை, 2001இல் அது 7 வருடமாக உயர்ந்தது.

மேசைக்கு ஒருவர் வந்ததும் எனக்குள் மூன்று கேள்விகளை ஓட்டிப் பார்ப்பேன்.

முதலாவது, பேச்சு ஒரு கூட்டத்தைப் பற்றியதா? சட்டம் சொல்லும் "இன வெறுப்பு" என்பது நிறம், இனம், குடியுரிமை உட்பட்ட நாட்டினம், இனத்துவ அல்லது தேசியப் பூர்வீகம் ஆகியவற்றால் அடையாளம் காணப்படும் ஒரு மக்கள் கூட்டத்தின் மீதான வெறுப்பு. தமிழர், சிங்களவர், இந்தியர், கறுப்பினத்தவர், போலந்துக்காரர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். சீக்கியர் ஓர் இனத்துவக் குழு என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983இல் வேறொரு சட்டத்தின் கீழ்த் தீர்ப்புச் சொன்னது. யூதர்களும் அப்படியே கருதப்படுகிறார்கள். இந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை. சாதியைச் சொல்லி வெறுப்புப் பேச்சு நடந்ததாக யாராவது வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, சொல்லின் தன்மை. அது மிரட்டுவதாக, வசைபாடுவதாக அல்லது இழிவுபடுத்துவதாக இருக்கவேண்டும். குடிவரவைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் கடுமையாக வாதிட்டால் நமக்கு நெஞ்சு வலிக்கலாம், அது குற்றம் ஆகாது. ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 10ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கிறது. அதிர்ச்சி தரும் பேச்சும், புண்படுத்தும் பேச்சும்கூட அந்தக் காவலுக்குள் வரும். இதை ஆரம்பத்திலேயே வந்தவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஏமாற்றம் குறையும்.

மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: கேட்டவர்கள் யார்? தூண்டுவது என்றால் மூன்றாம் ஆள் ஒருவரின் மனதில் வெறுப்பை ஏற்றுவது. வெறிச்சோடிய தெருவில் உங்கள் முகத்துக்கு நேரே ஒருவன் திட்டினால் அது வேறு குற்றம். அதே ஆள் ஐம்பது பேரைப் பார்த்து "இவர்களை எரிக்க வேண்டும்" என்று கத்தினால் அது இந்தக் குற்றத்துக்கு அருகில் வந்துவிடும். 18ஆம் பிரிவு பேச்சையும் நடத்தையையும் எழுத்தைக் காட்டுவதையும் பிடிக்கிறது, பொது இடமானாலும் தனியார் இடமானாலும் சரி. ஒரு வீட்டுக்குள் பேசி, அந்த வீட்டிலோ இன்னொரு வீட்டிலோ இருப்பவர்கள் மட்டும் கேட்டால் அதற்கு விலக்கு உண்டு. 19ஆம் பிரிவு, எழுதியதைப் பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ வெளியிடுவதையும் விநியோகிப்பதையும் பிடிக்கிறது. துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, இணையப் பதிவு எல்லாம் இதில் அடங்கும். கலிபோர்னியாவில் இருந்த சேர்வரில் பதிவேற்றினால் இங்கிலாந்துச் சட்டம் தொடாது என்று இருவர் வாதாடினார்கள். வேலையின் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் நடந்தது என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அதை ஏற்க மறுத்தது.

மதத்தின் பெயரால் வெறுப்பைத் தூண்டுவது இதே சட்டத்தில் வேறு பகுதி. 2006இல் நிறைவேற்றப்பட்டு 2007 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிடி இறுக்கம்: சொல் மிரட்டுவதாகவே இருக்கவேண்டும், நோக்கமும் நிரூபிக்கப்பட வேண்டும். இழிவுபடுத்தல் மட்டும் போதாது. அதனால் "இந்து", "முஸ்லிம்" என்ற சொல்லோடு "தமிழர்", "பாகிஸ்தானியர்", "கறுப்பர்" என்ற சொல்லும் அந்தப் பேச்சில் இருந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு சொல் வழக்கின் பாதையையே மாற்றிவிடும்.

எந்தப் பிரிவு பொருந்தும் என்று முறைப்பாடு செய்பவர் முடிவு செய்யத் தேவையில்லை. மேசைக்கு வருவதில் மிகப் பெரும்பாலானவை தூண்டல் குற்றம் ஆகாது. ஆனால் இனக் காழ்ப்பால் பாரதூரமாக்கப்பட்ட பொது ஒழுங்குக் குற்றங்கள் 1998ஆம் ஆண்டுக் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டத்தில் இருக்கின்றன. தீங்கான செய்தி அனுப்புவதைத் தண்டிக்க 1988, 2003 சட்டங்கள் இருக்கின்றன. நடந்ததை நீங்கள் ஒழுங்காகச் சொன்னால் பொருத்தமான கதவைத் தேடுவது பொலிஸின் வேலை.

முதல் ஒரு மணி நேரம்

ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. வேறு யோசனை வேண்டாம். பேசுகிறவனோடு வாக்குவாதப்படாமல் தள்ளி நில்லுங்கள்.

ஆபத்து விலகியதும் ஒரு கொப்பியை எடுங்கள், அல்லது ஃபோனிலேயே எழுதுங்கள். கேட்ட சொல்லைக் கேட்ட மொழியில், கேட்ட வரிசையில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ஊத்தைச் சொல்லையும் சேர்த்துத்தான். நட்சத்திரக் குறி போட்டு மறைக்காதீர்கள். நினைவில்லாத இடத்தில் "இங்கே சரியாகக் கேட்கவில்லை" என்று எழுதுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். வாயால் சொல்லக் கூச்சமென்றால் அந்தத் தாளை அதிகாரியிடம் நீட்டலாம். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு இந்த வழியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் தாளும் பேனையும் முதலில் கொடுக்கிறேன். வாயால் சொல்ல முடியாத பலர் எழுதிவிடுகிறார்கள்.

சொல்லுக்குக் கீழே மற்றவை: நாள், நேரம், இடம், ஆளின் தோற்றம், உடை, வந்த வாகனம். பிறகு கேட்டவர்கள். எத்தனை பேர் நின்றார்கள், சிரித்தார்களா, கைதட்டினார்களா, கூடச் சேர்ந்து கத்தினார்களா? வெறுப்பு கிளம்பக்கூடுமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும். எழுதிய நேரத்தையும் குறித்துக் கையெழுத்து வையுங்கள். அன்றே எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு ஒரு மாதம் கழித்து எழுதியதற்கு இல்லை.

பக்கத்தில் கடை இருந்தால், அங்கே கமரா இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடும். நீங்களே போய் வாங்க முயல வேண்டாம், கமரா எங்கே இருக்கிறது என்பதைப் பொலிஸிடம் சொன்னால் போதும்.

துண்டுப்பிரசுரமென்றால் குறைவாகத் தொடுங்கள். ஓரத்தைப் பிடித்து ஒரு கடதாசி உறைக்குள் போட்டு, கிடைத்த இடம், நேரம், யார் கையால் எடுத்தது என்று உறையின் மேல் எழுதுங்கள். கைரேகை இருக்கலாம். சுவரில் கிறுக்கியிருந்தால் முதலில் படம் எடுத்துவிட்டுக் கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்து அழித்துவிட்டுப் படம் இல்லாமல் வருபவர்கள் நிறையப் பேர். வீட்டு வாசலில் அதை விட்டுவைக்க மனம் வராது, விளங்குகிறது. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு அழியுங்கள்.

இணையத்தில் கண்டால்

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அன்று இரவு நோர்தாம்ப்டனில் ஒருவர், குடியேறிகள் தங்கியிருக்கும் ஹோட்டல்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். சுமார் மூன்றரை மணி நேரத்தில் அவரே அதை அழித்துவிட்டார். அதற்குள் அது 310,000 தடவை பார்க்கப்பட்டிருந்தது. 19ஆம் பிரிவின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டு 31 மாதச் சிறை பெற்றார், மேல்முறையீடும் 2025 மே மாதம் தள்ளுபடியானது. அந்தக் கொலைகளுக்குப் பிறகு குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம் நடந்த நாட்களில், லீட்ஸில் ஒருவர் பேஸ்புக் பதிவுகளுக்காக 20 மாதச் சிறை பெற்றார்.

எல்லாம் அப்படி முடிவதில்லை. 2025 பெப்ரவரியில் வேல்ஸில் ஒரு முன்னாள் படைவீரர், தன் பேஸ்புக் வீடியோவுக்காக இதே சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டு, ஜூரியால் விடுவிக்கப்பட்டார். எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ள இரண்டு முடிவுகளையும் தெரிந்திருங்கள்.

பதிவைக் கண்டால் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்கக்கூடாது. எழுதியவரின் பெயர், பாவனைப் பெயர், நேரம், எத்தனை பேர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை, மேலே எதற்குப் பதிலாக எழுதினார், கீழே மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்பது வரை எல்லாம் வேண்டும். கீழே உள்ள பின்னூட்டங்கள் முக்கியம். வெறுப்பு எப்படிப் பற்றிக்கொண்டது என்பது அங்கே தெரியும். பதிவின் முழு இணைப்பையும், அந்தக் கணக்கின் இணைப்பையும் தனியாக எடுத்து வையுங்கள். வீடியோ என்றால் எத்தனையாவது நிமிடத்தில் அந்தச் சொல் வருகிறது என்று குறியுங்கள். அரை மணி நேர வீடியோவை முழுக்கப் பார்த்துத் தேடுங்கள் என்று கொடுத்தால் அது மேசையில் கிடக்கும்.

எடுத்து முடித்த பிறகே அந்தத் தளத்தில் முறையிடுங்கள். முதலில் முறையிட்டால் பதிவு நீக்கப்படலாம், உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். "பாருங்கள், எவ்வளவு மோசம்" என்று அதை இருபது வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். கோபத்தில் செய்கிறோம், ஆனால் விநியோகிக்கும் வேலையை நாமே செய்து கொடுக்கிறோம். பிள்ளைகள் பார்க்கிறார்கள், முதியவர்கள் வெளியே போகப் பயப்படுகிறார்கள். பொலிஸுக்கு அனுப்புங்கள், உதவி கேட்கும் ஒருவருக்கு அனுப்புங்கள், அதோடு நிறுத்துங்கள்.

மூடிய வாட்ஸ்அப் குழுவில் வந்தது 19ஆம் பிரிவுக்குள் வருமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுமக்களில் ஒரு பகுதியினருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. நாலு நண்பர்கள் என்றால் கடினம், ஊர் முழுக்கச் சேரக்கூடிய பெரிய குழுவென்றால் வேறு கதை. உறுப்பினர் எண்ணிக்கையும், யாரும் சேரக்கூடிய இணைப்பு இருந்ததா என்பதும் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியட்டும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்துக்கு மொழி கிடையாது. தமிழில் எழுதிய பதிவும் மொழிபெயர்க்கப்பட்டு நீதிமன்றம் போகலாம். சிங்களவர்களையோ, முஸ்லிம்களையோ, கறுப்பினத்தவர்களையோ பற்றி நமது குழுக்களில் ஓடும் சில செய்திகளைப் பார்க்கும்போது, சந்தைத் தெருவில் அந்த அம்மா கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரிவதில்லை. அப்படியான ஒரு முறைப்பாட்டோடு வேற்றினத்தவர் ஒருவர் உங்கள் மேசைக்கு வந்தால், அவருக்கும் இதே தாளையும் பேனையையும் கொடுங்கள்.

முறைப்பாடு செய்வது

அவசரமில்லாதவற்றுக்கு 101. 2020 ஏப்ரலிலிருந்து அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை. உங்கள் பகுதிப் பொலிஸின் இணையத்தளத்திலும், வெறுப்புக் குற்றங்களுக்காகப் பொலிஸ் நடத்தும் ட்ரூ விஷன் தளத்திலும் முறையிடலாம். ரயிலிலோ நிலையத்திலோ நடந்தால் பிரித்தானியப் போக்குவரத்துப் பொலிஸுக்கு 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி போடலாம். பெயர் சொல்லாமல் தகவல் தர கிரைம்ஸ்டொப்பர்ஸ் 0800 555 111. ஆனால் பெயரில்லாத தகவலில் உங்கள் வாக்குமூலம் இராது, வழக்கு நிற்க வேறு சான்று வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறினால் அழைப்பின் தொடக்கத்திலேயே "தமில் இன்டர்ப்ரிட்டர் ப்ளீஸ்" என்று சொல்லுங்கள். பாதிக்கப்பட்டோருக்கான நடைமுறைக் கோவையின் முதல் உரிமையே, விளங்கிக்கொள்வதும் விளங்கவைப்பதும். மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அந்தச் சொற்களை அம்மாவுக்காகத் திருப்பிச் சொல்லும் பாரம் ஒரு பிள்ளைக்கு வேண்டாம்.

முதலில் சொல்ல வேண்டிய வசனம்: "இதை வெறுப்புக் குற்றமாகப் பதிய வேண்டும்." ஒரு குற்றத்தில் இனக் காழ்ப்பு இருந்தது என்று பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ கருதினால் அதை அப்படிப் பதிய வேண்டும் என்பதே நடைமுறை. 1993இல் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற இளைஞன் லண்டனில் கொல்லப்பட்ட பிறகு நடந்த விசாரணையின் 1999ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து வந்த மாற்றம் இது. அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால்தான் இன்று நாம் அந்த வசனத்தைச் சொல்ல முடிகிறது.

அழைப்பு முடியும்போது ஓர் இலக்கம் தருவார்கள். அது அழைப்பைப் பதிந்த இலக்கமா, குற்றத்தைப் பதிந்த இலக்கமா என்று கேளுங்கள். இரண்டும் வேறு. குற்ற இலக்கம் வந்தால்தான் குற்றமாகப் பதிவாகியிருக்கிறது. விசாரிக்கும் அதிகாரியின் பெயர், தோள்பட்டை இலக்கம், மின்னஞ்சல் மூன்றையும் வாங்குங்கள். எழுத்தில் உறுதிப்படுத்தல் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

காலம் கடத்த வேண்டாம். தூண்டல் குற்றத்துக்குக் கால எல்லை இல்லை. ஆனால் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மட்டுமே விசாரிக்கப்படும் சிறிய குற்றங்களுக்குப் பொதுவாக 6 மாதம்தான். பெரியது நிற்காமல் சிறியதற்கு இறங்க வேண்டி வந்தால், அந்த 6 மாதம் போயிருக்கக் கூடாது.

வாக்குமூலம்

இந்தப் படியில் நேரம் எடுங்கள். அதிகாரி நீங்கள் சொன்னதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார், அடியில் நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள். பொய்யென்று தெரிந்து சொன்னால் வழக்குத் தொடரலாம் என்ற உறுதிமொழி அதில் இருக்கும். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்றால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு மொழிபெயர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுதியதில் நான் தேடுவது ஒன்றுதான்: மேற்கோள் குறிக்குள் அந்தச் சொல் இருக்கிறதா? "இனவாதமாகப் பேசினார்", "தரக்குறைவாகத் திட்டினார்" என்று சுருக்கியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் மாற்றுவார்கள். அடுத்து, சொன்ன தொனி, கை அசைவு, கூட்டத்தின் நிலை. உங்கள் மனநிலையை வேறாகச் சொல்லலாம். பயந்தேன், தூக்கம் இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கு விடத் தயங்குகிறேன் என்பதை எழுத, பாதிக்கப்பட்டவரின் தனிப்பட்ட கூற்று என்று இன்னொரு தாள் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மொழிபெயர்க்கிற தொண்டருக்கு: மெருகூட்டாதீர்கள். வந்தவர் சொன்ன சொல் கடுமையென்று மென்மையாக்குவதும், அவருக்கு உதவுகிறேன் என்று கடுமையாக்குவதும் ஒரே அளவு கேடு. நீங்களும் சம்பவத்தைப் பார்த்த சாட்சி என்றால் மொழிபெயர்க்கவே வேண்டாம். சாட்சிகள் இருவர் ஒன்றாக உட்கார்ந்து எழுதவும் விடாதீர்கள். இரண்டு வாக்குமூலமும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் பிடிப்பார்.

பிறகு என்ன நடக்கும்

சாதாரண வழக்குகளைவிட இதற்குப் படிகள் கூட. பொலிஸ் சேர்த்த கோப்பு சி.பி.எஸ். எனப்படும் வழக்குத் தொடுநர் சேவைக்குப் போகும். தூண்டல் வழக்குகளைப் பார்ப்பது அதன் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு. அந்தப் பெயரைக் கடிதத்தில் கண்டு பயப்படாதீர்கள், உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். தண்டனை பெற நியாயமான வாய்ப்புள்ள அளவுக்குச் சான்று உண்டா? வழக்குத் தொடர்வது பொது நலனுக்கு ஏற்றதா? இரண்டும் ஆம் என்றால், 27ஆம் பிரிவின்படி சட்டமா அதிபரின் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் இந்தக் குற்றத்துக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எவரும் வழக்குத் தொடர முடியாது, தனியார் வழக்காக இருந்தாலும்.

ஆகவே மாதக்கணக்கில் ஆகலாம். மாதம் ஒருமுறை அதிகாரிக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், குற்ற இலக்கத்தைத் தலைப்பில் வைத்து. ஃபோனில் பேசினால், பேசிய நாளையும் சொன்னதையும் கொப்பியில் எழுதுங்கள். அதே ஆள் மறுபடி ஏதாவது செய்தால் புதிதாக முறையிட்டு, பழைய இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழக்கில்லை என்று பதில் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனை கேட்கும் திட்டம் பொலிஸிலும் சி.பி.எஸ்ஸிலும் உண்டு. சி.பி.எஸ். திட்டம் 2013இல் தொடங்கியது. முடிந்தால் 10 வேலை நாளுக்குள் கேட்பது நல்லது. பொலிஸ் உங்களை நடத்திய விதத்தில் குறை என்றால் அது வேறு பாதை: முதலில் அந்தப் பொலிஸ் பிரிவுக்கே முறைப்பாடு, அதன் பிறகே மேலே மீளாய்வு. உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுவதும் பயன்படும். வாக்குரிமை இல்லாதவருக்கும் அவர் எம்.பி.தான்.

வெறுப்பு தொலைக்காட்சியிலோ வானொலியிலோ வந்திருந்தால் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் அமைப்பிடம் முறையிடுங்கள், ஒளிபரப்பாகி 20 வேலை நாட்களுக்குள். பிபிசி என்றால் முதலில் பிபிசிக்கே. இங்கே உரிமம் பெற்ற தமிழ் அலைவரிசைகளுக்கும் இது பொருந்தும். பத்திரிகையென்றால் இப்சோ என்ற அமைப்பு இருக்கிறது, ஆனால் அதன் பாகுபாட்டு விதி தனிநபரைக் காக்கும், ஒரு சமூகத்தை ஒட்டுமொத்தமாகத் தாக்குவதற்கு அது உதவாது.

விசா பயம்

மேசையில் பலரும் மெல்லிய குரலில் கேட்பது இதைத்தான்: "பொலிஸுக்குப் போனால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?" செல்லுபடியான விசா இருப்பவருக்கு, குற்றத்தைப் பற்றி முறையிடுவதால் விசா போகாது. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரும் முறையிடலாம். விசா முடிந்தவர்கள், நிலை தெளிவில்லாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அவர்களையும் முதலில் பாதிக்கப்பட்டவராகவே நடத்த வேண்டும் என்பது பொலிஸின் வழிகாட்டல்தான், ஆனால் உள்துறை அமைச்சுக்குத் தகவல் போகவே போகாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அப்படியானவரை முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். அதற்கிடையில் சான்றை மேசையில் பத்திரப்படுத்தலாம், பெயரில்லாமல் தகவலும் கொடுக்கலாம்.

நீதிமன்றத்தில் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கப் பயமென்றால், திரைக்குப் பின்னால் இருந்தோ வீடியோ வழியாகவோ சாட்சி சொல்ல ஏற்பாடு கேட்கலாம். முன்கூட்டியே கேட்க வேண்டும். மனதுக்குத் துணை வேண்டுமென்றால் விக்டிம் சப்போர்ட், 08 08 16 89 111. பொலிஸுக்குப் போகாதவர்களும் அழைக்கலாம்.

ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும்

ஸ்கொட்லாந்தில் 2021ஆம் ஆண்டு வெறுப்புக் குற்றச் சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கு பற்றி அங்கே முடிவெடுப்பது சி.பி.எஸ். அல்ல, புரோகியூரேட்டர் பிஸ்கல் எனப்படும் அரச வழக்குத் தொடுநர். வட அயர்லாந்தில் 1987ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குக் கட்டளை. 999, 101 இரண்டு இடத்திலும் அவையேதான். சான்றைச் சேர்க்கும் முறை மேலே சொன்னபடியே.

கோப்பு

தொண்டர்கள் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு கோப்பு வையுங்கள். முதல் பக்கத்தில் குற்ற இலக்கம், அதிகாரியின் பெயர், அடுத்து அழைக்க வேண்டிய நாள். இரண்டாம் பக்கத்தில் அன்றே எழுதிய அந்தச் சொற்கள். உறையும் ஸ்கிரீன்ஷாட்டும் பின்னால். கோப்பைப் பூட்டி வையுங்கள், வந்தவரின் பெயரை ஆலய மண்டபத்தில் பேசாதீர்கள். ஃபோனில் எடுத்த படத்தையும் வீடியோவையும் பொலிஸ் பிரதி எடுத்த பிறகும் அழிக்க வேண்டாம், ஃபோனை மாற்றினால் பழையதை விற்கவும் வேண்டாம். வழக்கு முடிந்தது, அல்லது இனி வழக்கில்லை என்று எழுத்தில் கடிதம் வந்து, மறுபரிசீலனைக்கான காலமும் கடந்த பிறகு, வந்தவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்: இதை வைத்திருக்கட்டுமா, உங்கள் முன்னால் கிழிக்கட்டுமா?